ஞானக்கண்ணும் ஊனக்கண்ணும்



இன்று நான் ஒரு துப்பறியும் நாவலைப் பற்றியும், அதில் வரும் மந்திரக்காரிகளைப் பற்றியும் சில சொல்ல வந்திருக்கிறேன். அதற்கு முன், எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூற வேண்டும். அதைக் கூறாவிட்டால், இந்த நாவல் என் மனத்தில் ஏன் இத்தனை ஆழமாகப் பதிந்தது என்பது உங்களுக்கு விளங்காது.

நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதம். குளிர் விலகி வெயில் தலைகாட்டும் காலம். வடநாட்டில் நெடுநாள் வாழ்ந்த தமிழர்கள் அறிவார்கள், அந்த நாட்களில் வீடு முழுவதும் தலைகீழாகக் கிடக்கும். கம்பளிகளையும் ரஜாய்களையும் மொட்டை மாடியில் வெயிலில் உலர்த்தி, பூச்சி அண்டாமல் அந்துருண்டை போட்டு, பெட்டிகளில் அடுக்கி வைப்பார்கள். எங்கள் அடுத்த வீட்டு அம்மையாரும் அந்த வேலையில் மூன்று நாட்கள் முனைந்திருந்தார். மூன்றாம் நாள் மாலையில், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று கழற்றி வைத்த நான்கு சவரன் சங்கிலியைக் காணவில்லை.

தேடாத இடம் இல்லை. அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். மறுநாள், யாரோ சொன்னார்கள் என்று, மை போட்டுப் பார்க்கும் மனிதர் ஒருவரை வரவழைத்தார்கள். காணாமற்போன பொருள் எங்கே இருக்கிறது, எடுத்தவர் யார் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியுமாம். வந்தவர் விளக்கேற்றினார். வெற்றிலையில் மையைத் தடவினார். அதை உற்றுப் பார்ப்பதற்கு முன், "வீட்டில் எத்தனை பேர்? வெளியிலிருந்து வந்து போகிறவர் யார்? அவர் எந்த ஊர்?" என்று இயல்பாகப் பேசுபவர்போல் கேட்டுக்கொண்டார். பிறகு நெடுநேரம் மையைப் பார்த்துவிட்டு, "பெண் ஒருத்தி தெரிகிறாள். தெற்கேயிருந்து வந்தவள். கை ஈரமாக இருக்கிறது" என்றார்.

தெற்கேயிருந்து வந்தவர்கள் அங்கே கூடியிருந்த நாங்கள் அனைவருமேதாம். ஆனால் கை ஈரமாக இருந்தவர் ஒருவரே. விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, எங்கள் வரிசையில் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவந்த அந்த அம்மாள், அப்பொழுதும் முற்றத்துக் குழாயடியில்தான் இருந்தார். "சாமி சத்தியமா நான் எடுக்கலீங்கம்மா" என்றார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அந்த வார முடிவிற்குள் நான்கு வீடுகளும் அவருக்குக் கதவடைத்துவிட்டன.

நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்த மனிதர் முதலில் கேள்விகள் கேட்டதையும், அவற்றிற்குக் கிடைத்த விடைகளையே பிறகு மையில் கண்டதாகச் சொன்னதையும் என் காதாலேயே கேட்டேன். ஆயினும் வாய் திறக்கவில்லை. இந்த நிகழ்ச்சியின் முடிவைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இனி நாவலுக்கு வருவோம். அகதா கிறிஸ்டி அம்மையார் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' என்னும் நூல் 1961ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. அப்பெயருக்கு 'வெளிறிய குதிரை' என்பது பொருள். கிறிஸ்தவ வேதத்தின் இறுதி நூலில் நான்கு குதிரைகள் வருகின்றன. நான்காவதாகிய வெளிறிய குதிரையின்மேல் ஏறி வருபவன் பெயர் மரணம். அக்குதிரையின் பெயரைத் தாங்கிய பழைய சத்திரம் ஒன்று, மச் டீப்பிங் என்னும் கற்பனைக் கிராமத்தில் இருக்கிறது. சத்திரத்தை வீடாக மாற்றி மூன்று பெண்கள் அதில் குடியிருக்கிறார்கள். திர்சா என்பவள் மந்திர சாஸ்திரம் கற்றவள். சிபில் என்பவள் ஆவிகளைத் தன் உடலில் வரவழைத்துப் பேசுபவள். மூன்றாமவளாகிய பெல்லா சமையற்காரி, பரம்பரைச் சூனியக்காரி என்று பெயரெடுத்தவள்.

சிபிலைப் போன்றவர்களை ஆங்கிலத்தில் 'மீடியம்' என்பார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு இது ஒரு சங்கடமான சொல். அகராதியைப் புரட்டினால் 'ஊடகம்' என்று வரும். அது இன்று பத்திரிகைக்கும் வானொலிக்கும் உரிய பெயராகிவிட்டது. நம் கிராமங்களில் சாமி வந்து குறி சொல்பவரை மருளாடி என்பார்கள். அச்சொல்லையே நான் இங்கே கையாளுகிறேன்.

துப்பறியும் கதையின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுவது படிப்பவருக்குச் செய்யும் துரோகம் என்பதை நான் அறியாதவனல்லன். எனினும் இந்நூல் வெளிவந்து அறுபது ஆண்டுகளுக்குமேல் ஆகிவிட்டது. முடிவைச் சொல்லாமல் இன்றைய பேச்சை நடத்தவும் இயலாது. ஆகவே பொறுத்தருள வேண்டுகிறேன்.

கதை லண்டன் நகரில் தொடங்குகிறது. மரணப் படுக்கையில் இருக்கும் ஒரு பெண், கத்தோலிக்கப் பாதிரியார் ஒருவரை அழைத்துத் தன் மனச்சுமையை இறக்கி வைக்கிறாள். வெளியே வந்த பாதிரியாரை மூடுபனியில் யாரோ தலையில் அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். அவருடைய காலணிக்குள் ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கிறது. அதில் சில பெயர்கள். விசாரித்துப் பார்த்தால், அப்பெயர்களுக்கு உரியவர்களில் பலர் அண்மையில் நோயுற்று இறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு சாவுக்கும் மருத்துவர் ஒவ்வொரு நோயின் பெயரை எழுதியிருக்கிறார். ஐயம் கொள்ள இடமில்லை. ஆனால் ஒவ்வொரு சாவினாலும் யாரோ ஒருவருக்குச் சொத்துச் சேர்ந்திருக்கிறது.

மொகலாயக் கட்டடக் கலை பற்றி நூல் எழுதிக்கொண்டிருக்கும் மார்க் ஈஸ்டர்புரூக் என்பவர் இந்த மர்மத்திற்குள் இழுக்கப்படுகிறார். வெளிறிய குதிரை வீட்டுக்குச் சென்றால், யாரைச் சாகடிக்க வேண்டுமோ அவரைத் தொடாமலே சாகடித்துவிடுவார்கள் என்று அவர் கேள்விப்படுகிறார். அதற்கு முன் பர்மிங்ஹாமில் ஒருவரைச் சந்திக்க வேண்டும். அவர் வழக்கறிஞர் தொழிலிலிருந்து நீக்கப்பட்டவர். அவரிடம் கொலை என்ற பேச்சே கிடையாது. வெறும் பந்தயம். "இன்னார் இன்ன தேதியில் உயிரோடிருப்பார்" என்று நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள், "இருக்கமாட்டார்" என்று அவர் கட்டுகிறார். நீங்கள் தோற்றால் பணம் கொடுக்கிறீர்கள். இதில் எந்தச் சட்டத்தின்கீழ் உங்களைப் பிடிப்பது?

பிறகு அந்த வீட்டில் சடங்கு நடக்கிறது. விளக்கொளி மங்குகிறது. மருளாடி மயக்கத்தில் ஆழ்கிறாள். வெள்ளைச் சேவல் பலியாகிறது. விந்தையான பெட்டி ஒன்று ஒளிவிட்டு முனகுகிறது. பலியாக வேண்டியவருடைய கையுறை ஒன்று சடங்கில் வைக்கப்படுகிறது. சில நாட்களில் எங்கோ தொலைவில் அவர் நோயில் விழுகிறார். மார்க்குக்கு உதவ முன்வந்து, தன்னையே இரையாக வைத்த ஜிஞ்சர் என்னும் இளம்பெண்ணும் அவ்வாறே படுக்கையில் வீழ்கிறாள். படித்தவராகிய மார்க்கின் நெஞ்சமே நடுங்கத் தொடங்குகிறது. மந்திரம் மெய்தானோ என்ற கேள்வி அவரை வாட்டுகிறது.

நேயர்களே, இங்கேதான் ஆசிரியையின் திறமை விளங்குகிறது. நாம் எல்லோரும் சடங்கு நடக்கும் கிராமத்து வீட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நோய் விழுந்ததோ வேறு வீட்டில். அந்த வீட்டுக்கு யார் வந்து போனார் என்று நாம் கேட்பதில்லை.

வந்து போனவர்கள் உண்டு. கருத்துக் கணிப்பு நடத்தும் நிறுவனம் ஒன்றிலிருந்து கையில் படிவத்துடன் ஒரு பெண் வந்து, "உங்கள் வீட்டில் என்ன உணவுப் பொருள், என்ன முகப்பூச்சு, என்ன மருந்து வாங்குகிறீர்கள்?" என்று எழுதிக்கொண்டு போகிறாள். கேட்பவளுக்கே அதன் நோக்கம் தெரியாது. அடுத்த சில நாட்களில் ஏதோ பழுது பார்க்க வந்தவர் போல ஒருவர் வந்து, வீட்டில் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதே அடையாளமுள்ள நஞ்சு கலந்த பொருளை வைத்துவிட்டுப் போகிறார். மந்திரமும் இல்லை, ஆவியும் இல்லை. நஞ்சின் பெயர் தாலியம். பாதிரியாரிடம் மனச்சுமையை இறக்கியவள், படிவம் ஏந்தி வீடு வீடாகச் சென்று, தான் கேட்டுவந்தவர்கள் ஒவ்வொருவராக இறப்பதைக் கவனித்துவிட்ட பெண்ணே.

மார்க் உண்மையைக் கண்டது எவ்வாறு? மயிரால். ஜிஞ்சரின் தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்வதாக அவர் கேள்விப்படுகிறார். கதையின் தொடக்கத்தில், ஒரு சிற்றுண்டிச் சாலையில் இரு பெண்கள் சண்டையிட்டபோது ஒருத்தியின் மயிர் வேரோடு கையில் வந்ததையும், அவள் வலியே உணராதிருந்ததையும், பின்னர் அவள் இறந்ததையும் நினைவு கூர்கிறார். நோய்களின் பெயர்கள் வேறு வேறு, மயிர் உதிர்தல் மட்டும் எல்லோருக்கும் பொது. தாலியம் உடலுக்கு இன்றியமையாத பொட்டாசியத்தை ஒத்திருப்பதால், உடல் ஏமாந்து அதை உள்ளே ஏற்றுக்கொள்கிறது. அது நரம்புகளைத் தாக்கி, பல நோய்களின் வேடத்தைப் பூணுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் மயிர் உதிரும்போதே அதன் உண்மை உருவம் வெளிப்படும்.

குற்றவாளி யார்? பாதிரியாரைப் பின்தொடர்ந்த மனிதனைத் தன் கடை வாயிலிலிருந்து கண்டதாகத் தானே முன்வந்து போலீசாரிடம் சாட்சி சொன்ன மருந்துக் கடைக்காரன் ஆஸ்போர்ன்தான். அவனாகவே வந்தான். பின்னர் வெனபிள்ஸ் என்ற செல்வரைச் சுட்டி, "நான் கண்டவர் இவரே" என்றான். வெனபிள்ஸோ இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருப்பவர். அதைச் சொன்ன பிறகும் அவன் விடவில்லை, அவர் நடிக்கிறார் என்று வாதாடினான். அந்தப் பிடிவாதமே அவனைக் காட்டிக்கொடுத்தது.

வெனபிள்ஸுக்கு மருத்துவர் சான்று இருந்தது. செயலிழந்த கால்கள் அவருக்காகச் சாட்சி கூறின. எங்கள் வீதியில் பாத்திரம் துலக்கிய அம்மாளுக்கு அத்தகைய சான்று எதுவும் இல்லை. இந்நாவலை நான் மறக்க முடியாமற்போனதற்கு முதற்காரணம் இதுவே.

ஆசிரியைக்கு நஞ்சுகளைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதும் அறிவு எங்கிருந்து வந்தது? முதல் உலகப் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் அவர் மருந்து கலப்பவராகப் பணியாற்றினார், அதற்குரிய தேர்விலும் வெற்றி பெற்றார். அந்நாட்களில் தமக்குப் பயிற்சியளித்த மருந்துக் கடைக்காரர் ஒருவரைப் பற்றித் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அம்மனிதர் கியூராரி என்னும் கொடிய நஞ்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிவாராம். அதனால் தமக்கு ஒரு வலிமை உண்டாவதாக உணர்ந்தாராம். ஒருநாள் மருந்தின் அளவில் அவர் தசமப் புள்ளியைத் தவறாக வைத்துவிட்டதைக் கண்ட மாணவி, எடுத்துச் சொல்ல அஞ்சி, கால் தடுக்கியதுபோல் நடித்து அம்மருந்தைக் கீழே தள்ளி மிதித்துவிட்டார். ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் 'வெளிறிய குதிரை'யை எழுத எண்ணியபோது அந்த முகம் தம் நினைவில் காத்திருந்ததாக அம்மையார் கூறுகிறார். பெரியவரின் பிழையைச் சுட்டிக் காட்டத் துணிவில்லாவிட்டாலும், நோயாளியைக் காக்கும் வழி ஒன்றை அந்த இளம்பெண் கண்டுபிடித்தாள் என்பதைக் கவனியுங்கள்.

இந்நாவலின் கதைக்கு வெளியே இன்னும் ஒரு கதை உண்டு. அதில் தாலியமும் ஆவியும் ஒரே மனிதரிடம் சந்திக்கின்றன. தாலியம் என்னும் உலோகத்தைக் கண்டுபிடித்தவர் சர் வில்லியம் குரூக்ஸ். 1861இல், 28 வயது இளைஞராக இருந்தபோது, கந்தக அமிலத் தொழிற்சாலைப் படிவு ஒன்றை நிறமாலைக் கருவியில் ஆராய்ந்த அவர், அதுவரை எவரும் காணாத ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார். பசுந்தளிர் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குத் தாலியம் என்று பெயரிட்டார். அது நடந்து சரியாக நூறாவது ஆண்டில் 'வெளிறிய குதிரை' வெளிவந்தது.

இந்தக் குரூக்ஸ்தான் பின்னாளில் ஆவிகளை நம்பினார். 1867இல் அவருடைய தம்பி, கடலடித் தந்திக் கம்பி இடச் சென்ற பயணத்தில் காய்ச்சலால் இறந்தார். அத்துயரம் அண்ணனை ஆவியழைக்கும் கூடங்களுக்கு இட்டுச் சென்றது. புளோரன்ஸ் குக் என்னும் இளம் மருளாடி, திரைக்குப் பின்னே மயங்கிக் கிடப்பாள். திரைக்கு முன்னே வெள்ளுடையில் 'கேட்டி கிங்' என்ற ஆவி உலாவும். 1874இல், அந்த ஆவி மெய்யே என்று குரூக்ஸ் உலகிற்கு அறிவித்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், 1880இல், அதே மருளாடியின் வேறொரு கூட்டத்தில் உலாவந்த ஆவியை, சர் ஜார்ஜ் சிட்வெல் என்பவர் கையை நீட்டிப் பிடித்துவிட்டார். பிடிபட்டவள் உள்ளாடையுடன் நின்ற புளோரன்ஸ் குக்கே.

குரூக்ஸ் அறிவில் குறைந்தவரல்லர். 1913 முதல் 1915 வரை ராயல் சொசைட்டி என்னும் புகழ்பெற்ற அறிவியல் கழகத்தின் தலைவராக விளங்கியவர். நிறமாலையில் ஒரு மெல்லிய பச்சைக் கோட்டைத் தவறவிடாத கண், திரைக்கு முன்னே நடமாடிய பெண்ணைத் தவறவிட்டது. பச்சைக் கோட்டிடம் அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆவியிடமோ, தம் தம்பியை எதிர்பார்த்தார். துயரம் புகுந்த வீட்டில் இத்தகையோர் எளிதில் நுழைந்துவிடுகிறார்கள். நகை தொலைந்த வீட்டிலும் அப்படியே.

இனி, ஞானதிருஷ்டி என்று ஒன்று இருக்குமானால் அதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை என்று நான் கருதும் நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1977ஆம் ஆண்டு. கிறிஸ்டி அம்மையார் காலமாகி ஓராண்டுக்குமேல் ஆகிவிட்டது. கத்தார் நாட்டிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்றை லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தை நினைவு மங்கிக் கிடந்தது. தேர்ந்த மருத்துவர்கள் எத்தனையோ சோதனைகள் செய்தும் நோய் இன்னதென்று விளங்கவில்லை. அக்குழந்தையைக் கவனித்துவந்த செவிலி ஒருவர் அப்பொழுது 'வெளிறிய குதிரை'யைப் படித்துக்கொண்டிருந்தார். நாவலில் கண்ட அறிகுறிகளும் படுக்கையில் கண்ட அறிகுறிகளும் ஒத்திருப்பதை அவர் உணர்ந்தார். குழந்தையின் மயிரும் உதிரத் தொடங்கியிருந்தது. "இது தாலியமாக இருக்கலாமோ?" என்று மருத்துவர்களிடம் அவர் தயங்காமல் சொன்னார். சோதனையில் அது உண்மையென்று தெரிந்தது. எலிக்கும் கரப்பான் பூச்சிக்கும் வைத்த மருந்து குழந்தையின் வாய்க்குப் போயிருந்தது. உரிய சிகிச்சையால் குழந்தை பிழைத்தது. மருத்துவர்கள் பின்னர் ஒரு மருத்துவ இதழில் இதைப் பற்றி எழுதியபோது, மறைந்த நாவலாசிரியைக்கும் அச்செவிலிக்கும் நன்றி தெரிவித்தார்கள்.

அந்தச் செவிலி மையிலோ பளிங்குக் கோளத்திலோ எதையும் பார்க்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார், எதிரே கிடந்த குழந்தையைப் பார்த்தார். இரண்டையும் பொருத்திப் பார்த்தார். பிறகு, பெரிய மருத்துவர்கள் நடுவே, தாம் கண்டதைச் சொன்னார். அவருடைய கண் ஊனக்கண்தான். ஆனால் அதுவே ஒரு குழந்தையைக் காத்தது.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று சிலர் கேட்கலாம். இங்கிலாந்தில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பெற்று, ஏமாற்று மருளாடிகளைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று வந்தது. அதுவும் 2008இல் நீங்கி, நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் அதன் இடத்தைப் பெற்றன. நம் நாட்டில் 1954இல் இயற்றப்பெற்ற சட்டம் ஒன்று, நோய் தீர்க்கும் மாய மருந்துகளின் விளம்பரத்தைத் தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் என்ற சொற்கள் அதன் விளக்கப் பிரிவிலேயே இடம்பெற்றிருக்கின்றன. பம்பாயிலும் பெங்களூரிலும் வாழும் நேயர்கள் அறிந்திருக்கக்கூடும், மகாராஷ்டிரம் 2013இலும் கர்நாடகம் 2017இலும் பில்லி சூனியத்தின் பெயரால் நடக்கும் கொடுமைகளுக்கு எதிராகத் தனிச் சட்டங்கள் இயற்றியுள்ளன.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட என் மனத்தைத் தொட்டது சாட்சியச் சட்டத்தின் ஒரு விதியாகும். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த அவ்விதி, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. கண்ணால் காணத்தக்க ஒன்றைப் பற்றிச் சாட்சி சொல்வதானால், அதைக் கண்டவரே சொல்ல வேண்டும். காதால் கேட்கத்தக்கதானால், கேட்டவரே சொல்ல வேண்டும். இந்த எளிய விதியை எங்கள் முற்றத்தில் அன்று ஒருவர் எடுத்துச் சொல்லியிருந்தால் போதும். மை பார்த்தவர் அந்த வீட்டில் முன்பு கால் வைத்தவரே அல்லர். அவர் எதையும் காணவில்லை. ஆனால், அவர் செய்ததைக் கண்டவன் ஒருவன் இருந்தான், அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டவன் ஒருவன் இருந்தான். சட்டம் அழைக்கும் சாட்சி அவனே. அவன்தான் பேசவில்லை.

அந்த நிகழ்ச்சியின் முடிவைச் சொல்வதாகக் கூறினேன். கோடையும் மழையும் கழிந்தன. தீபாவளி முடிந்து கார்த்திகை பிறந்தது. தில்லியில் குளிர் இறங்கியது. அடுத்த வீட்டு அம்மையார் பெட்டியைத் திறந்து ரஜாய்களை வெளியே எடுத்தார். ஒன்றின் உறையைக் கழற்றி உதறியபோது, தரையில் ஏதோ விழுந்து ஒலித்தது. நான்கு சவரன் சங்கிலி!

பங்குனியில் பெட்டி அடுக்கிய அன்று, கழற்றிக் கட்டில்மேல் வைத்த சங்கிலி, மடிக்கப்பட்ட ரஜாயின் உறைக்குள் புகுந்து எட்டு மாதம் உறங்கியிருக்கிறது. துப்பு முதல் நாளே எங்கள் கண்ணெதிரில் இருந்தது. நீங்களும் இப்பேச்சின் தொடக்கத்திலேயே அதைக் கவனித்திருக்கலாம். அந்த மூன்று நாட்களில் வீட்டில் என்ன வேலை நடந்தது, எந்தப் பொருள் எங்கே போயிற்று என்று ஒருவராவது கேட்டிருந்தால், அந்தப் பெட்டியைத் திறந்திருப்போம். நாங்களோ பொருளைத் தேடுவதை விட்டுவிட்டு ஆளைத் தேடினோம்.

அந்த அம்மையார் அழுதுவிட்டார். அன்று மாலையே நாங்கள் இருவரும் பணிப்பெண் குடியிருந்த குடிசைப் பகுதிக்குச் சென்றோம். குடிசையில் வேறு யாரோ இருந்தார்கள். அவர் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆவணிக்கு முன்பே போய்விட்டாராம். ஊருக்கே திரும்பினார் என்றார் ஒருவர். வேறு நகரத்துக்குப் போனார் என்றார் இன்னொருவர். அவருக்குச் சேர வேண்டிய அரை மாதச் சம்பளம் கூட எங்களிடமே தங்கிவிட்டது.

பிறந்த ஊரை விட்டு, பேசும் மொழி வேறாக உள்ள இடத்தில் வாழ்பவர்கள் நாம். நமக்கு ஓர் இடர் வரும்போது, 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லி வருபவரின் சொல் இனிக்கும். அப்பொழுது அவர் காட்டும் விரலின் திசையில் நிற்பவர் யார் என்று ஒரு கணம் பாருங்கள். பெரும்பாலும், தமக்காகப் பேச ஆள் இல்லாத ஒருவர்தாம் அங்கே நிற்பார். நீங்கள் ஏதேனும் கண்டிருந்தால், கேட்டிருந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கார்த்திகை மாதம் வரையில் காத்திருக்க வேண்டாம்.

நான் அன்று சொல்லத் தவறியதை இன்று இந்த வானொலியின் வாயிலாகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மாள் எந்த ஊரில் இருந்தாலும், எப்பொழுதேனும் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்பவராக இருக்கலாம். சங்கிலி கிடைத்துவிட்டது, அவர் எடுக்கவில்லை என்பது எங்கள் அனைவருக்கும் தெரியும் என்ற செய்தி அவரைச் சென்று சேர வேண்டும்.